சீட்டில் எழுத வேண்டிய கேள்வி

(மருத்துவக் கல்லூரி ஒன்றில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் செப்பமிடப்பட்டது.)



இந்தச் சொற்பொழிவு தமிழில்தான் நடக்க வேண்டும், மருத்துவர் அல்லாதவர்களும் வந்து கேட்க வேண்டும் என்று அறக்கட்டளையை நிறுவியவர் எழுதி வைத்திருக்கிறார். அந்த விதியை நான் மிகவும் மதிக்கிறேன். பின்வரிசைகளில் நோயாளிகளின் உறவினர்கள் சிலர் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களையும் மனத்தில் வைத்துத்தான் பேசப்போகிறேன்.

மருத்துவமனைக்கு வந்து படுத்திருக்கும் ஒருவருக்கு இதய நோய் இருக்கிறதா, இருந்தால் எந்த வகை என்று அறிய இன்று நம்மிடம் எக்கோ, சி.டி., ஆஞ்சியோ, எம்.ஆர்.ஐ., ஐசோடோப் ஸ்கேன் என்று பல படங்கள் இருக்கின்றன. இவற்றில் எது சிறந்தது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நான் விடை சொல்லப்போவதில்லை. எக்கோ அறைக்கு ஒரு நாளில் வந்து சேரும் சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். பெயர், வயது, ஐ.பி. எண், வார்டு எல்லாம் நிரப்பியிருக்கும். நோய்க் குறிப்பு என்ற கட்டத்தில் மட்டும் பல சீட்டுகளில் ‘எக்கோ ப்ளீஸ்’ என்று இருக்கும். சிலவற்றில் ஒன்றுமே இருக்காது. என் பேச்சு முழுவதும் அந்தக் கட்டத்தைப் பற்றியது.

என் கருத்து இதுதான். ஒரு படத்தை எடுக்கச் சொல்கிறவர், அதில் இன்னது தெரிந்தால் இன்னதைச் செய்வேன், தெரியாவிட்டால் இன்னதைச் செய்வேன் என்று முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும். அப்படித் தெரிந்திருந்தால் சாதாரண எக்கோகூட உயிரைக் காப்பாற்றும். தெரியாமல் எடுத்தால் விலை உயர்ந்த ஸ்கேனும் நோயாளியை வழிதவறச் செய்துவிடும். இதை ஏழு பகுதிகளாகச் சொல்கிறேன்.

1. எக்கோ பிறந்ததே ஒரு கேள்வியிலிருந்துதான்

1950களின் தொடக்கத்தில், சுவீடனின் லுண்ட் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இங்கெ எட்லர் என்ற இதய மருத்துவர் இருந்தார். மிட்ரல் வால்வு சுருங்கிப்போனவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்வது அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. அறுவை மருத்துவர் துடிக்கிற இதயத்துக்குள் விரலை விட்டு, ஒட்டிப்போன வால்வைப் பிரித்துவிடுவார். வால்வு சுருங்கியிருந்தால் நோயாளி பிழைப்பார். வால்வு கசிகிறது என்றால், அதே விரல் கசிவை இன்னும் பெரிதாக்கிவிடும். இரண்டும் கலந்திருக்கிற நோயாளியிடம் எது மிகுதி? ஸ்டெதாஸ்கோப்பும் அன்றைய எக்ஸ்ரேயும் பல நேரங்களில் இதற்குத் தெளிவான விடை தரவில்லை. யாரை அறுவை அரங்குக்கு அனுப்பலாம், யாரை அனுப்பக் கூடாது என்பதுதான் எட்லரின் கேள்வி.

அதே ஊரில் கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளர் இருந்தார். மால்மோ நகரின் காக்கும்ஸ் கப்பல் கட்டும் தளத்தில், இரும்புத் தகடுகளின் பற்றவைப்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க மீயொலிக் கருவி ஒன்றைப் பயன்படுத்தி வந்தார்கள். அதை வைத்து ஹெர்ட்ஸ் முதலில் தம் மார்பிலேயே சோதித்துப் பார்த்தார். இதயத்திலிருந்து திரும்பி வரும் எதிரொலி திரையில் அசைவது தெரிந்தது. 1953 அக்டோபர் 29 அன்று இருவரும் இதயத்தின் அசைவை முதன்முதலாகப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவில் தெளிவாக அசைந்த கோட்டை இடது மேலறையின் சுவர் என்று எட்லர் முதலில் கருதினார். இறந்தவர்களின் உடலில் ஒலி சென்ற திசையைச் சரிபார்த்த பிறகுதான், அது மிட்ரல் வால்வின் முன்னிதழ் என்பது உறுதியானது. சுருங்கிய வால்வில் அந்த இதழ் மெதுவாகவே பின்வாங்கும். அந்தக் கோட்டின் சரிவை அளந்தே சுருக்கத்தின் கடுமையைச் சொல்ல முடிந்தது. கப்பல் தளத்துக் கருவி மருத்துவக் கருவியானதற்கு அந்தக் கேள்வியின் கூர்மைதான் காரணம்.

அந்தக் கேள்வி நம் வார்டுகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஏழாவது மாதக் கர்ப்பிணி ஒருவர், இரவில் படுக்க முடியாமல் மூச்சிரைத்துக்கொண்டு வருகிறார். வீசிங் என்று நெபுலைசர் வைத்திருப்பார்கள். கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறையப் பாதி கூடுகிறது. சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மிட்ரல் வால்வு சுருங்கியிருந்தால், அதுவரை ஒன்றும் தெரியாமல் இருந்தவருக்கு இந்த மாதங்களில்தான் நுரையீரலில் நீர் கோக்கும்.

அவரை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடது கையைத் தலைக்குக் கீழே வைக்கச் சொல்லி, ஜெல் தடவிய புரோபை மார்பெலும்பின் இடப்பக்கம் விலா இடுக்கில் வைக்கிறோம். ‘மூச்சை வெளியே விட்டு அப்படியே நிறுத்துங்கம்மா’ என்கிறோம். நுரையீரல் விலகி, இதயம் திரைக்கு வருகிறது. மிட்ரல் இதழ்கள் நுனியில் ஒட்டிக்கொண்டு, நடுவில் மட்டும் கூடாரம் போலப் புடைக்கின்றன. நலமான வால்வின் திறப்பு 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர். 1.5க்கும் கீழே போனால் கடுமையான சுருக்கம். டாப்ளரில் ரத்தம் பாயும் வேகத்தைப் பார்க்கிறோம். வேகத்தை வர்க்கப்படுத்தி நான்கால் பெருக்கினால், வால்வின் இரு பக்கத்துக்கும் உள்ள அழுத்த வேறுபாடு மில்லிமீட்டர் பாதரசத்தில் கிடைக்கும். நொடிக்கு 2 மீட்டர் என்றால் 16.

இங்கே அடுத்த கேள்வி எழுகிறது. மருந்துக்குக் கட்டுப்படாவிட்டால் பலூன் வைத்து விரிக்க முடியுமா? ஜப்பானின் கான்ஜி இனோவே 1982இல் தொடங்கிவைத்த முறை அது. பலூன் கேட்பது வேறு தகவல்கள். இதழ்கள் எவ்வளவு தடித்திருக்கின்றன, எவ்வளவு அசைகின்றன, சுண்ணாம்பு எவ்வளவு படிந்திருக்கிறது, கீழே தாங்கும் நாண்கள் எவ்வளவு சுருங்கியிருக்கின்றன, வால்வு கசிகிறதா, மேலறையில் ரத்தக் கட்டி இருக்கிறதா. கட்டியைத் தேட உணவுக்குழாய் வழியாக எக்கோ பார்க்க வேண்டியிருக்கும். சீட்டில் ‘மூச்சுத்திணறல், ஏழு மாதம், மிட்ரல் சுருக்கமா, பலூனுக்கு ஏற்றதா’ என்று எழுதியிருந்தால் எக்கோ பார்ப்பவர் இவை அனைத்தையும் அளந்து தருவார். வெறும் ‘எக்கோ ப்ளீஸ்’ என்ற சீட்டுக்கு இவற்றில் பாதி கிடைத்தாலே அது அவருடைய அக்கறை.

2. ஒரே ரிப்போர்ட், இரண்டு பொருள்

இந்தப் பகுதியில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. மாணவர்கள் தாளில் போட்டுப் பாருங்கள்.

நோய் உள்ள நூறு பேரில் 80 பேரைப் பிடிக்கிற, நோய் இல்லாத நூறு பேரில் 80 பேரை இல்லையென்று சரியாகச் சொல்கிற ஒரு பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக வைத்துக்கொள்ளும் எண்கள் இவை. முப்பது வயதுப் பெண்கள் ஆயிரம் பேர். மார்பில் ஊசி குத்துவது போல ஒரு நொடி வலி, அவ்வளவுதான். இவர்களில் இதயத் தமனி அடைப்பு உள்ளவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் என்று கொள்வோம். அதாவது 50 பேர். அவர்களில் 40 பேரைப் பரிசோதனை பிடிக்கும். நோய் இல்லாத 950 பேரில் 190 பேருக்கும் ‘பாசிட்டிவ்’ என்றே வரும். ஆகப் பாசிட்டிவ் 230 பேர். அவர்களில் உண்மையில் நோய் உள்ளவர்கள் 40 பேர், ஏறக்குறைய ஆறில் ஒருவர்தான். மற்றவர்கள் பயத்தோடும் ஆஞ்சியோ சீட்டோடும் வீட்டுக்குப் போகிறார்கள்.

இப்போது அறுபது வயது ஆண்கள் ஆயிரம் பேர். சர்க்கரை உண்டு, பீடி உண்டு, மாடிப்படி ஏறினால் நெஞ்சை அழுத்தி, நின்றால் தணிகிற வலி. பாதிப் பேருக்கு நோய் இருக்கும் என்று கொள்வோம். பாசிட்டிவ் வந்த 500 பேரில் 400 பேருக்கு நோய் இருக்கிறது. மறுபக்கத்தையும் பாருங்கள். ‘நார்மல்’ என்று வந்த 500 பேரில் 100 பேருக்கு நோய் இருக்கிறது. ஐந்தில் ஒருவர். ‘நார்மல்’ என்ற தாளைக் காட்டிவிட்டு இவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது.

கருவி ஒன்றே, தாளில் உள்ள சொல்லும் ஒன்றே. பொருள் மட்டும் தலைகீழ். இதயப் பரிசோதனைகளுக்கு இந்தக் கணக்கை 1979இல் டயமண்ட், ஃபாரஸ்டர் என்ற இரு மருத்துவர்கள் வயது, பால், வலியின் தன்மை ஆகியவற்றைக் கொண்டு அட்டவணையாகவே போட்டுக் கொடுத்தார்கள். எண்கள் பின்னர் பலமுறை திருத்தப்பட்டுவிட்டன. அடிப்படை மாறவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வலியைப் பற்றிக் கேட்கும் பத்து நிமிடம்தான் படத்துக்குப் பொருள் தருகிறது. அந்தப் பத்து நிமிடத்தை ஸ்கேன் மிச்சப்படுத்திவிடும் என்று நம்புகிறவர்களுடன் நான் உடன்படவில்லை.

3. காத்திருக்கக் கூடாத படம், காத்திருக்க வேண்டாத படம்

நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவுக்கு வந்தவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும். அதில் எஸ்.டி. பகுதி உயர்ந்திருந்து, வலியும் மாரடைப்புக்கு உரியதாக இருந்தால், ‘எக்கோவும் ஒன்று பார்த்துவிடலாம்’ என்று ஸ்ட்ரெச்சரைத் திருப்பக் கூடாது. விடை கிடைத்துவிட்டது. இனி ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசை. கேத் லேப் (ஆஞ்சியோ செய்யும் கூடம்) உள்ள இடத்தில் 90 நிமிடத்துக்குள் ரத்தக்குழாயைத் திறக்க வேண்டும். தொலைவு என்றால் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு அனுப்ப வேண்டும்.

இதில் தமிழ்நாடு உலகுக்குக் காட்டிய ஒன்று உண்டு. பெரிய மையங்களைச் சுற்றிச் சிறு மருத்துவமனைகளைக் கோத்து, அங்கே எடுக்கும் ஈசிஜியை அங்கிருந்தே அனுப்பி, ஊசியா ஆஞ்சியோவா என்று உடனே முடிவெடுக்கும் ஏற்பாட்டை இங்கே சோதித்தார்கள். 2,420 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள், ஏற்பாட்டுக்கு முன் 17.6 சதவீதம். பின் 14.2. புதிய ஸ்கேன் எதுவும் அதில் இல்லை. எளிய ஈசிஜி ஒன்றுக்குச் சரியான கேள்வியும் உடனடிச் செயலும் கிடைத்தன.

எதிர்ப்பக்கமும் உண்டு. வலி தொடங்கிய நொடியிலேயே உச்சத்தில் இருந்தது, முதுகுப் பக்கம் கிழித்துக்கொண்டு போனது, ஒரு கையில் நாடி குறைவு என்றால், அது மகாதமனியின் உட்சுவர் கிழிந்ததாக இருக்கலாம். இவருக்கு மாரடைப்பு என்று கட்டி கரைக்கும் ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. இங்கே சி.டி. அயோர்ட்டோகிராம் உடனே வேண்டும். ரத்த அழுத்தம் இறங்கி, கழுத்து நரம்பு புடைத்து, இதய ஒலி மங்கிக் கேட்டால் இதய உறையில் நீர் நெருக்குகிறதா என்று கேளுங்கள். நம் நாட்டில் காசநோய் அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. கட்டிலருகே எக்கோ வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரியும். ஊசி வைத்து நீரை எடுத்தால் நோயாளி கண் முன்னாலேயே தேறுவார். நெடுநாள் படுக்கையில் இருந்தவர் திடீரென்று மூச்சுத் திணறினால், வலது கீழறை வீங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி எழுதுங்கள். நுரையீரல் தமனியில் கட்டி அடைத்திருக்கலாம். இப்படி எழுதிய சீட்டைக் கண்டால் எக்கோ அறையில் வரிசையையே மாற்றுவார்கள்.

4. ‘எத்தனை பர்சென்ட் சார்?’

கேத் லேப் வாசலில் காத்திருக்கும் உறவினர்கள் முதலில் கேட்பது இதைத்தான். மகன் கேட்பார், மருமகன் கேட்பார், ஊரிலிருந்து போனில் அண்ணன் கேட்பார். நாங்களும் ‘எண்பது’ என்கிறோம். குடும்பம் அந்த எண்ணை வைத்துக்கொண்டு முடிவெடுக்கிறது. அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதை இன்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் 1958இல் மகாதமனியில் சாயம் செலுத்த முயன்றபோது, கத்தீட்டர் தவறுதலாக வலது இதயத் தமனிக்குள் நுழைந்துவிட்டது. இதயம் சற்று நேரம் நின்றது, பின் மீண்டது. இதயத் தமனிக்குள் நேராகச் சாயம் விட்டால் மனிதர் தாங்குவார் என்பது அப்போதுதான் தெரிந்தது. 1977இல் ஜூரிக்கில் ஆண்ட்ரியாஸ் குரூன்சிக் பலூன் வைத்து முதல் அடைப்பைத் திறந்தார். ஆஞ்சியோ காட்டுவது, தமனிக்குள் ஓடும் சாயத்தின் நிழலை. குழாயின் சுவரை அது காட்டுவதில்லை. கொழுப்பு சுவருக்குள் சேரும்போது தமனி முதலில் வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுக்கிறது. சுவரில் ஏறத்தாழ 40 சதவீதம் கொழுப்பு சேரும்வரை உள்வழி குறையாமலேயே இருக்கலாம் என்று கிளாகோவ் 1987இல் காட்டினார். அதனால் படத்தில் வழவழப்பாகத் தெரியும் தமனியும் நோயுற்றிருக்கலாம். மாரடைப்புகளில் பல, முன்பு பாதி அளவுகூடச் சுருங்காதிருந்த இடங்களில் கொழுப்புப் படிவு வெடிப்பதால்தான் வருகின்றன.

சதவீதம் எதனுடையது என்பதையும் பாருங்கள். நாங்கள் சொல்வது குறுக்களவு. குறுக்களவு பாதியாகச் சுருங்கினால் பரப்பில் முக்கால்வாசி போய்விடுகிறது. 70 சதவீதம் சுருங்கினால் பரப்பில் மிஞ்சுவது 9 சதவீதம்தான். இதோடு, கண்ணால் பார்த்துச் சொல்லும் மதிப்பு பார்ப்பவருக்குப் பார்ப்பவர் மாறும்.

அந்த அடைப்பு உண்மையில் ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறதா? இதற்கு மெல்லிய கம்பி ஒன்றை அடைப்பைத் தாண்டிச் செலுத்தி, அதற்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளக்கும் முறை வந்தது. எஃப்.எஃப்.ஆர். என்பார்கள். விகிதம் 0.80 அல்லது அதற்குக் கீழே என்றால் தடுக்கிறது என்று பொருள். ஃபேம் என்ற ஆய்வில் 1,005 நோயாளிகள் இருந்தார்கள். கண்ணுக்கு 50 முதல் 70 சதவீதம் என்று தெரிந்த அடைப்புகளில் உண்மையில் ஓட்டத்தைத் தடுத்தவை 35 சதவீதமே. 71 முதல் 90 என்று தெரிந்தவற்றில்கூட ஐந்தில் ஒன்று தடுக்கவில்லை.

ஓட்டத்தைத் தடுக்கிற அடைப்பு என்றே வைத்துக்கொள்வோம். ஸ்டென்ட் வைத்தால் ஆயுள் கூடுமா? 2020இல் வெளிவந்த இஸ்கீமியா ஆய்வு இதை நேராகக் கேட்டது. 37 நாடுகளில், நடந்தால் வலி போன்ற நிலையான நோயுள்ள 5,179 பேர். ஒரு பாதிக்கு ஆஞ்சியோவும் ஸ்டென்டோ பைபாஸோவும். மறுபாதிக்கு முதலில் மருந்து. சராசரியாக மூன்றாண்டுக்குச் சற்று மேல் தொடர்ந்து பார்த்ததில், மாரடைப்பும் இறப்பும் முதல் குழுவில் குறையவில்லை. அடிக்கடி வலி வந்தவர்களுக்கு வலி மட்டும் நன்றாகக் குறைந்தது. வலி குறைவது சிறிய விஷயமல்ல, அதற்காக ஸ்டென்ட் வைக்கலாம். எதற்காக வைக்கிறோம் என்று குடும்பத்திடம் உண்மையாகச் சொல்லிவிட்டு வைக்க வேண்டும். இடது முதன்மைத் தமனியில் கணிசமான அடைப்பு உள்ளவர்களையும், இதயம் மிகவும் பலவீனமானவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. மாரடைப்பு நடந்துகொண்டிருப்பவருக்கும் இது பொருந்தாது. அவருக்கு அடைப்பைத் திறப்பதுதான் உயிர்.

ஆகவே பின்வரிசையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பர்சென்டைக் கேளுங்கள், தவறில்லை. கூடவே மூன்று கேளுங்கள். இது அவசர மாரடைப்பா, நாள்பட்ட அடைப்பா? இந்த அடைப்பால்தான் வலி வருகிறது என்று எப்படித் தெரிந்தது? ஸ்டென்ட் வைத்தால் என்ன மாறும், வைக்காமல் மருந்தில் இருந்தால் என்ன ஆகும்? அவசரம் இல்லாத நிலையில் இவற்றுக்கு நின்று பதில் சொல்வது மருத்துவரின் கடமை. கதவுக்கு வெளியே ஐந்து நிமிடத்தில் கையெழுத்துக் கேட்பது முறையல்ல.

5. சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் எந்தக் கேள்விக்கு?

சி.டி. ஆஞ்சியோ, ஊசி வழியே கையில் சாயம் செலுத்தி எடுப்பது. நாடித்துடிப்பு அறுபதையொட்டி இருக்க வேண்டும், வேகமாக இருந்தால் முன்பே மாத்திரை கொடுத்துக் குறைப்பார்கள். சிறுநீரகத்தின் நிலையறிய ரத்தத்தில் கிரியாட்டினின் பார்ப்பார்கள். சுவரில் சுண்ணாம்பு மிகுதியாகப் படிந்த முதியவருக்குப் படம் மங்கும். இதன் பலம், அடைப்பு இல்லை என்று உறுதியாகச் சொல்வதில் இருக்கிறது. சுவரில் சேர்ந்த கொழுப்பையும் இது காட்டும்.

ஸ்காட்லாந்தில் நெஞ்சுவலிக்காக வந்த 4,146 பேரில் பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்போடு சி.டி.யும் எடுத்தார்கள். ஐந்தாண்டுக்குப் பின், இதய நோயால் இறப்போ மாரடைப்போ சி.டி. எடுத்தவர்களில் 2.3 சதவீதம், மற்றவர்களில் 3.9. ஐந்தாண்டு முடிவில் ஸ்டென்ட், பைபாஸ் எண்ணிக்கை இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஒன்றே. வேறுபட்டது மாத்திரைதான். சுவரில் கொழுப்பைக் கண்ணால் கண்ட பிறகு, தேவையானவர்களுக்கு ஸ்டாட்டினும் ஆஸ்பிரினும் கூடுதலாகத் தொடங்கப்பட்டன. மாரடைப்பு குறைந்ததற்கு இதையே முக்கியக் காரணமாக நான் பார்க்கிறேன். படம் எடுத்த பின் யாரோ ஒருவர் மாத்திரைச் சீட்டை மாற்றி எழுதினார். எழுதாதிருந்தால் அந்தப் படத்தால் பயனில்லை.

எம்.ஆர்.ஐ. விலை உயர்ந்தது, அரைமணிக்கும் மேல் ஆகும், மூச்சைப் பலமுறை பிடிக்க வேண்டும். ஆனால் ஒரு கேள்விக்கு இதற்கு இணை இல்லை. காய்ச்சல் வந்து போன இளைஞருக்கு நெஞ்சுவலி, ரத்தத்தில் இதயத்தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் உயர்வு, ஆஞ்சியோவில் தமனிகள் சுத்தம். என்ன நடந்தது? கடோலினியம் செலுத்திப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் சேதமான தசை வெள்ளையாகத் தெரியும். தமனி அடைத்தால் தசை உட்புற அடுக்கிலிருந்து தொடங்கி வெளிநோக்கிச் சாகிறது என்று ரீமரும் ஜென்னிங்ஸும் 1977இல் காட்டியிருந்தார்கள். எனவே வெள்ளை உட்புறத்தில் இருந்தால் மாரடைப்பு. நடுவிலோ வெளிப்புறத்திலோ இருந்தால் பெரும்பாலும் தசை அழற்சி. ஒருவருக்கு வாழ்நாள் முழுதும் மாத்திரை, மற்றவருக்குச் சில மாத ஓய்வு. இருபத்தைந்து வயதுக்காரருக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று எண்ணிப் பாருங்கள்.

6. இ.எஃப். 60

சுருக்கமாக ஒன்று. இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் ரத்தத்தின் விகிதம் இ.எஃப். அது 60 என்று வந்தால் ‘ஹார்ட் நார்மல்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதி மூடிவிடும் வழக்கம் இருக்கிறது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இ.எஃப். சரியாகவே இருக்கும். சுருங்குவதில் குறை இல்லை, விரிந்து நிரம்புவதில்தான் குறை. கால் வீங்கி, மூச்சு வாங்கி, கழுத்து நரம்பு புடைத்து ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கும்போது, தாளில் உள்ள 60 அவரை நலமாக்கிவிடாது.

கண்புரை அறுவைக்கு முன் இதய ஃபிட்னெஸ் என்ற பெயரில் எல்லோருக்கும் எக்கோ எழுதுவதும் இதோடு சேர்ந்ததே. கண்புரை அறுவைக்கு முன் வழக்கமாக ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் செய்தாலும் செய்யாவிட்டாலும் சிக்கல்கள் ஒரே அளவில்தான் வந்தன என்று ஏறத்தாழ 19,500 அறுவைகளைக் கொண்ட ஆய்வு 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. மூச்சு வாங்காத, நன்றாக நடமாடுகிற ஒரு பெரியவரை இதற்காகக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாற்றி வரவழைக்கிறோம். வரிசையில் அவருக்குப் பின்னால் மிட்ரல் சுருக்கத்தோடு ஒரு கர்ப்பிணி காத்திருக்கக்கூடும்.

7. படத்துக்குப் பிறகு

மிட்ரல் நோய் பற்றிப் பேசும்போது டாக்டர் எஸ். பத்மாவதியை நினைக்காமல் இருக்க முடியாது. பர்மாவின் மாக்வேயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். போர்க்காலத்தில் தாயுடனும் சகோதரிகளுடனும் கோவைக்கு வந்து சேர்ந்தவர். 1954இல் தில்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் இதயப் பிரிவையும் கத்தீட்டர் ஆய்வுக்கூடத்தையும் தொடங்கி, ருமாட்டிக் இதய நோய் ஏழைகளின் வீட்டில் எப்படி வளர்கிறது என்பதை விடாமல் எழுதி வந்தவர். தம் 103ஆம் வயதில் 2020இல் மறைந்தார்.

அவர் பணி தொடங்கிய காலத்தில் இந்நோயை ஸ்டெதாஸ்கோப்பால்தான் தேடினார்கள். 2007இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் கம்போடியாவிலும் மொசாம்பிக்கிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு எக்கோ பார்த்தபோது, ஸ்டெதாஸ்கோப் காட்டியதைப் போலப் பத்து மடங்கு பிள்ளைகளிடம் வால்வு நோய் தெரிந்தது. தெரிந்துவிட்டது, என்ன செய்வது? லேசான மாற்றமுள்ள பிள்ளைக்கு பென்சிலின் ஊசி போடலாமா, வேண்டாமா? பல ஆண்டுகள் இதற்கு உறுதியான விடை இல்லை. 2022இல் உகாண்டாவிலிருந்து வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு எக்கோ பார்த்து, நோயின் தொடக்க அறிகுறி உள்ள 818 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டவர்களில் இரண்டாண்டில் நோய் முற்றியது 0.8 சதவீதம். போடாதவர்களில் 8.2. அன்றிலிருந்து அந்த எக்கோவுக்குப் பொருள் வந்துவிட்டது. பள்ளிகளில் எக்கோ பார்க்கச் செவிலியர்களைப் பழக்கலாம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். பென்சிலின் ஊசி தட்டுப்பாடின்றிக் கிடைக்கும் ஏற்பாடு முதலில் வேண்டும். அது இல்லாத ஊரில் எக்கோ பார்ப்பது பெற்றோருக்குக் கவலையை மட்டும் கொடுத்துவிட்டு வருவதாகும்.

வார்டில் இருப்பவர்களுக்கும் இதுவே. பலூன் செய்து முடித்து ஊர் திரும்பும் பெண்ணின் டிஸ்சார்ஜ் சீட்டில், எக்கோ அளவுகள் அரைப்பக்கம் இருக்கின்றன. பென்சிலின் ஊசியைப் பற்றி ‘தொடரவும்’ என்று ஒரு சொல் கடைசியில் இருக்கும். ஹவுஸ் சர்ஜன்களுக்குச் சொல்கிறேன். முதல் வரியில் தமிழில் எழுதுங்கள்: அடுத்த ஊசி எந்தத் தேதி, 21 நாளுக்கு ஒருமுறை, அவர் ஊருக்கு அருகில் எந்த ஆரம்ப சுகாதார நிலையம், அங்கே யாரைப் பார்க்க வேண்டும். அடுத்த எக்கோ எந்த மாதம், அதில் எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். எழுதியதை அவருக்கும் உடன் வந்தவருக்கும் படித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள்.